கிணத்துமேட்டு மோகினியும் என் இடது கையும்

இலுப்பூர்,
வியாழக்கிழமை காலை

பெருமதிப்பிற்குரிய திரை இதழ் ஆசிரியர் அவர்களின் சமூகத்துக்கு, ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஆண்டிச்சாமி பணிவுடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் நோய் நொடியின்றி இருக்க எங்கள் ஊர் எல்லை ஐயனாரை வேண்டிக்கொள்கிறேன். நான் நலமாக இல்லை. காரணம் தங்கள் இதழின் பதினான்காம் பக்கம்.

அதில் தங்கள் விமர்சகர் நிலவழகன், ‘கிணத்துமேட்டு மோகினி’ படத்தைப் புதிதாக எடுத்தவர்கள் பழைய படத்தையே தூக்கிச் சாப்பிட்டுவிட்டார்கள் என்று எழுதி, ஐந்துக்கு நாலு நட்சத்திரமும் போட்டிருக்கிறார். அவர் பழைய படத்தைக் கொட்டகையில் பார்த்தாரா, செல்போனில் பார்த்தாரா? நான் விராலிமலைத் தைப்பூசக் கூட்டத்தில் படிக்கட்டில் தொங்கிக்கொண்டே டிக்கெட் போட்டவன். லேசில் பயப்படுகிற ஆள் இல்லை. அப்படிப்பட்ட நான் சொல்கிறேன், புதுப் படம் பழைய படத்துக்கு உறை போடக் காணாது.

முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால், கல்யாணமான இரண்டாவது வாரம், என் மனைவி சுகுணாவைக் குன்றாண்டார்கோவில் டூரிங் கொட்டகைக்கு அழைத்துப் போனேன். அதுவரை அவள் என்னிடம் பேசியது மொத்தம் ஆறு வார்த்தை. அதில் நாலு ‘ம்’. மோகினியைக் கட்டித் தூக்கிய கயிறு எல்லோருக்கும் தெரிந்தது. தெரிந்தால் என்ன? அவள் கிணற்றைவிட்டு ஏறி வந்து மெதுவாக முகத்தைத் திருப்புகிறாள், பாதி திரும்பும்போது பிலிம் அறுந்துவிட்டது. ஆபரேட்டர் ஒட்டி முடிக்கும்வரை கும்மிருட்டு. மீதி முகத்தை அவனவன் மனசுக்குள்ளேயே பார்த்துக்கொண்டான். அந்த இருட்டில்தான் சுகுணா என் இடது கையை இறுக்கிப் பிடித்தாள். வீட்டுக்கு வந்ததும் காய்ச்சல் என்று படுத்தாள். கோடாங்கி வந்து உடுக்கை அடித்து, வேப்பிலையால் தடவி, “பயந்த புள்ளைய மூணு நாளைக்குத் தனியா விடாதீங்க. புருசங்காரன் பக்கத்துலயே இருக்கணும்” என்று சொல்லிவிட்டார். அறுவடை நேரம், வீட்டில் மற்ற எல்லோரும் வயலுக்குப் போய்விட்டார்கள். நாங்கள் மூன்று நாளும் பேசினோம். எங்கள் குடித்தனம் அப்போதுதான் தொடங்கியது. இதற்கு நிலவழகன் எத்தனை நட்சத்திரம் போடுவார்?

இப்போது எதற்கு இந்தப் பழங்கதை என்று கேட்பீர்கள். எங்கள் மகள் அன்புமொழிக்கு மஸ்கட்டில் பிரசவம். பதினெட்டாம் தேதி சுகுணா கிளம்புகிறாள், திரும்பி வர ஆறு மாசம். மகள் பிரசவத்துக்குப் போகாதே என்று எந்த அப்பன் சொல்வான்? நானும் சொல்லவில்லை. ஆனால் விசா வந்த நாளிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அவள் பெட்டியை எடை போடுகிறாள், ஊறுகாயை வெளியே எடுக்கிறாள், மறுபடியும் உள்ளே வைக்கிறாள். நான் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடக்கிறேன். “குட்டி போட்ட பூனையாட்டம் அங்கிட்டும் இங்கிட்டும் ஏன் சுத்துறீங்க? ஒரு எடத்துல ஒக்காருங்க” என்கிறாள். நீ இல்லாமல் எனக்கு இருப்புக்கொள்ளாது என்று வாய்விட்டுச் சொல்ல எனக்கு வரவில்லை. அந்த நேரம் பார்த்துத் தங்கள் நாலு நட்சத்திரம் வந்தது. மறுபடியும் பயந்துபோய் ஒரே ஒரு தடவை என் கையைப் பிடித்தாளானால் போதும், மீதியை அந்தக் கையே சொல்லிவிடும் என்று நம்பிவிட்டேன்.

திங்கட்கிழமை பகல் பதினொரு மணிக் காட்சிக்குப் புதுக்கோட்டை போனோம். தியேட்டருக்குள் மார்கழிக் குளிர், நாலு பக்கமும் சத்தம், மோகினி நடக்கவே இல்லை, பல்லி மாதிரி விட்டத்தில் ஓடுகிறாள், ஸ்டாப்பிங்கில் நிற்காத பஸ்ஸில் யார் ஏற முடியும் சொல்லுங்கள், அந்த வேகத்தில் ஓடினால் மனுஷன் எப்போதுதான் பயப்படுவது, நான் இடது கையைத் தோதாக நீட்டி வைத்துக்கொண்டு ஓரக்கண்ணால் சுகுணாவையே பார்க்கிறேன், அவள் அந்தக் கையில் பாப்கார்ன் டப்பாவை வைத்துவிட்டாள். சரி, கிணற்றுக் காட்சி இனிமேல்தானே என்று மனசைத் தேற்றிக்கொண்டு இடைவேளையில் காபி வாங்கப் போனேன், வரிசை நீளம், வருவதற்குள் விளக்கை அணைத்துவிட்டார்கள், தடவித் தடவி வந்து உட்கார்ந்தேன். ஏசி தலையில் அடிக்கிறது என்று சுகுணா பக்கத்து அம்மாவிடம் சொல்லி இடம் மாறியிருக்கிறாள், அது எனக்குத் தெரியாது. கிணறு வந்தது. திடீரென்று சத்தம் மொத்தமும் நின்றுபோச்சு. சார், என் காதுக்குப் பக்கத்துல மோகினி மூச்சு விட்டா, சத்தியமா விட்டா, “ஆத்தா!”ன்னு அலறி இடது பக்கத்துக் கையை எட்டிப் பிடிச்சேன் பாருங்க, மணி மணியா என்னமோ அறுந்து கொட்டுது.

“அண்ணே, கைய விடுங்கண்ணே! ஜெபமாலைய அத்துப்புட்டீங்களே!”

அந்த அம்மா பெயர் இன்னாசியம்மாள், ரிட்டயர்டு டீச்சர், பேய்ப் படத்துக்கு ஜெபமாலையோட வந்து ஜெபம் சொல்லிக்கிட்டே பாத்திருக்காங்க. முன் வரிசை, பின் வரிசை எல்லாரும் செல்போன் லைட்டை அடிச்சுக்கிட்டு சீட்டுக்கு அடியில மணி பொறுக்குறாங்க, திரையில மோகினி ஒத்தையில நின்னு கத்திக்கிட்டுக் கெடக்கு, ஏறிட்டுப் பாக்க நாதியில்ல. சுகுணா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

தங்களுக்கு ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். அது பயமில்லை, திடுக்கிடல். சடன் பிரேக் அடித்தால் யாரும்தான் முன்னால் போய் விழுவார்கள். அன்று மாலை எனக்குக் காய்ச்சல் வந்தது உண்மை, அதுவும் ஏசியால்தான். சுகுணா நம்பவில்லை. உப்பு மிளகாய் சுற்றிப் போட்டாள். பயந்த ஆளைத் தனியாக விடக்கூடாதென்று மூன்று நாளாகப் பெட்டியை என் கட்டிலுக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து வைத்து அடுக்குகிறாள். ஆகவே நிலவழகன் தன் நட்சத்திரங்களில் மூன்றையாவது திரும்பப் பெறவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு என் வணக்கமும் சிறியவர்களுக்கு என் ஆசியும் உரித்தாகுக. இதழ் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
ப. ஆண்டிச்சாமி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் சுகுணா கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டாள். படித்துவிட்டுச் சொன்னாள், “அந்தப் படத்தக் கல்யாணத்துக்கு முன்னாடியே திருவரங்குளத்துல எங்க அக்காகூட ரெண்டு தடவ பாத்துட்டேங்க. மோகினி எப்ப வரும், எப்படித் திரும்பும் எல்லாம் தெரியும். நீங்களா கையப் புடிக்கிற ஆளாத் தெரியல. அதான் நானே புடிச்சேன்.”

“அப்ப அந்தக் காய்ச்சல்?”

“ஏது காய்ச்சல்? எல்லாரும் வயலுக்குப் போயிட்டா வீட்டுல நம்ம ரெண்டு பேருதான இருப்போம்.”

ஐயா, பழைய படத்தில் எங்கள் வீட்டில் யாரும் பயப்படவில்லை. பயந்தது புதுப் படத்தில், நான் ஒருவன்தான். நிலவழகனின் நாலு நட்சத்திரமும் செல்லும், இந்தக் கடிதத்தைப் பிரசுரிக்க வேண்டாம். நாளைப் பகல் காட்சிக்கு மறுபடியும் போகிறோம், சுகுணாதான் கூப்பிட்டாள். சொல்ல வேண்டியதையும் சொல்லிவிட்டேன், “நீ போயிட்டா எனக்கு இருப்புக்கொள்ளாது, சுகுணா.”

அவள் பெட்டியை மூடிவிட்டுக் கேட்டாள், “இதச் சொல்லுறதுக்கு ஒங்களுக்கு ஒரு பேயி வேண்டியிருந்துச்சாக்கும்?”