நெல் காயப்போட்ட இடத்தில் குடியுரிமை விசாரணை

சட்டத்தை மதிப்பவர்களில் இரண்டு வகை உண்டு. இயல்பாகவே மதிப்பவர்கள் ஒரு வகை. குடியுரிமைக்கு மனுப் போட்டுவிட்டுக் காத்திருப்பவர்கள் இன்னொரு வகை. இரண்டாம் வகையின் வெறி முதல் வகைக்கு வராது.

நான் ஈப்போவில் பிறந்த மலேசியத் தமிழச்சி. மயிலாடுதுறைக்குப் பக்கத்துக் கிராமத்து வாத்தியார் செந்திலைக் கட்டிக்கொண்டு, பல வருஷம் இங்கேயே குடியிருந்த பிறகு இந்தியக் குடியுரிமை கேட்டிருந்தேன். கேட்ட கொஞ்ச நாளிலேயே ஹெல்மெட் இல்லாமல் ஸ்கூட்டி ஓட்டிப் போலீசில் மாட்டினேன். அபராதம் கட்டியாயிற்று. ஆனாலும் என் கணக்கில் நான் தேடப்படும் குற்றவாளி.

"ஹெல்மெட்டுக்கெல்லாம் நாடு கடத்த மாட்டாங்கடி" என்றார் செந்தில்.

நான் நம்பவில்லை. அன்றிலிருந்து ஆளில்லாத தெருவில்கூட இண்டிகேட்டர் போட்டேன். (ஒருமுறை நடந்து போகும்போதே கையைக் காட்டித் திரும்பினேன். பின்னால் வந்த ஆடு மட்டும் மதித்து நின்றது.)

இப்பேர்ப்பட்ட உத்தமியிடம்தான், அறுவடை முடிந்த ஒரு காலையில் மாமியார் சொன்னார்: "சாயங்காலம் மழை வருங்கறாங்க. வெயில் இருக்கறப்பவே நெல்லை ரோட்டுல கொட்டிக் காயவச்சிடுவோம், வா."

"அத்தை, ரோட்டுல காயப்போடறது தப்புங்க. என் மனு என்ன ஆவறது?"

"தப்புன்னா இந்த ஊரே ஜெயில்லதான் இருக்கணும். ஈரமா கொண்டுபோனா கொள்முதல்ல எடுக்கமாட்டான். பாடுபட்ட நெல்லு முளைச்சுப்போகட்டுமா?"

போனேன். பாதித் தார்ச்சாலையை நெல்லால் மூடி, வண்டி ஏறாமலிருக்கச் செங்கல் அடுக்கி, குடை பிடித்துக் காவல் நின்றேன். அத்தை சோறு எடுத்துவர வீட்டுக்குப் போன நேரம் பார்த்து ஒரு பைக் வந்தது. செங்கல்லுக்குப் பயந்து வண்டியை ஒடித்தவர், நெல்மேல் ஏறி, சர்ரென்று வழுக்கி, என் காலடியில் மிக மரியாதையாகச் சாய்ந்தார். அடி ஏதுமில்லை. மீசையெல்லாம் நெல்.

"பாத்து வரக்கூடாதாங்க? நெல்லெல்லாம் வீணாப்போச்சு!" என்றேன். (விழுந்த மனிதரிடம் நான் காட்டிய முதல் பரிவு.)

அவர் சட்டையை உதறிக்கொண்டே எழுந்தார். "இருக்கட்டும்மா. இங்க மலேசியாக்காரப் பொண்ணு ஒண்ணு இருக்காமே, எந்த வீடு? ஸ்டேஷன்லேர்ந்து வரேன். குடியுரிமை விசாரணை."

குடை நழுவியது. சாலையை அடைத்தாயிற்று, போலீசையும் கவிழ்த்தாயிற்று. மூளை நின்றுவிட்டது, வாய் மட்டும் ஓடியது.

"அப்படி யாரும் இங்க இல்ல லா!"

(பதறினால் எனக்குப் பிறந்த ஊர் இப்படி 'லா' என்று வாலாக வந்து ஒட்டிக்கொள்ளும்.)

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இல்ல... லா?"

"இல்லீங்க லா" என்று திருத்தினேன்.

அவர் வாயைத் திறப்பதற்குள் வானம் திறந்துகொண்டது. சாயங்கால மழை மத்தியானமே வந்துவிட்டது. தூக்குவாளியோடு ஓடிவந்த அத்தை, வந்தவர் யாரென்றே கேட்கவில்லை. "என்ன வேடிக்கை தம்பி? அந்தத் தார்ப்பாயைப் பிடிங்க!" என்று அதட்டினார். அவரும் பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு பிடித்தார். மூன்று பேருமாக நெல்லைக் குவித்து மூடியபோது, மூன்று பேரையும் பிழிந்து காயப்போட வேண்டியிருந்தது.

வீட்டில் காபி கொடுக்கும்போது அழுதுகொண்டே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்: ஹெல்மெட், செங்கல், பொய்.

"ஃபைன் கட்டிட்டீங்க, அது முடிஞ்சுபோச்சு. செங்கல்லை எடுத்துடுங்க, போதும்" என்றார். "ஆனா விசாரணைல மறைக்கறது, பொய் சொல்றது, அதுதாம்மா ஆபத்து. நல்லவேளை, உங்களுக்கு அது வரல."

நீண்ட காத்திருப்புக்குப் பிறகு குடியுரிமை வந்தது. அதற்கு முன்பே என்னுடைய அந்த 'இல்ல லா' வசனம் எங்கள் வீட்டுச் சொத்தாகிவிட்டது. கடன் வேண்டுமா என்று போன் வந்தால் செந்தில் அதைத்தான் சொல்வார். வீட்டுப்பாடம் எங்கே என்றால் மகளும் அதையேதான் சொல்வாள்.

போன மாதம் வாக்காளர் பட்டியல் சரிபார்க்க ஓர் அம்மா வந்து, என் பெயரைச் சொல்லி, "இருக்காங்களா?" என்று கேட்டிருக்கிறார்.

அடுப்படியிலிருந்து அத்தை குரல் கொடுத்தார்: "அப்படி யாரும் இங்க இல்ல லா!"

என் பெயரை அடிக்கப் பேனா மூடியைத் திறக்கும் சத்தம் குளியலறைவரை எனக்குக் கேட்டது என்று சத்தியம் செய்வேன். தலை நிறைய ஷாம்பு நுரையோடு, நைட்டியை மாட்டிக்கொண்டு நான் தெருவில் ஓடியதை ஊரே பார்த்தது.

"இருக்கேன் லா! இருக்கேன்!"