சம்பந்தி வீட்டு மணல்

"கட்டப் போறாரு. நாலு மாடி. மணல் வந்து இறங்கியாச்சு," என்றார் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், ஜன்னல் கம்பியில் முகத்தைப் பதித்தபடி.

"இறங்கட்டும். முதல்ல பாலை இறக்குங்க, பொங்குது," என்றாள் மனைவி.

இரண்டு வீட்டு வாசலுக்கும் நடுவே மணல் குவிந்திருந்தது. ஆனால் அரை முழம் அந்தப் பக்கம் தள்ளி என்பது அவர் கணக்கு. அந்தப் பக்கம் இருப்பவர் பல் டாக்டர், சம்பந்தி. மகளை அவர் மகனுக்குத்தான் கொடுத்திருந்தார்கள். சிறுசுகள் இருவரும் வேலைக்காக வேறு ஊரில் இருந்தார்கள்.

இந்தத் தெருவில் அதுவரை ஒரு மாடிக்கு மேல் எழுப்பக் கூடாது; மதிலை விட்டுத் தள்ளித்தான் கட்ட வேண்டும். இப்போது புது விதி வந்துவிட்டது. நாலு மாடி போடலாம், மதிலை ஒட்டியே போடலாம். அப்படிப் போட்டால் கடைக்காரர் வீட்டுச் சமையலறை ஜன்னல் இருண்டுவிடும். மனைவிக்குப் பார்வை மங்கல். ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிட்டவர் வீட்டில், அந்த ஒரு ஜன்னலை நம்பித்தான் சமையல் நடந்தது.

"நேரா போய்க் கேட்டுட்டு வாங்களேன்."

"சம்பந்திகிட்டயா? வயித்தெரிச்சல்ல கேக்கறான்னு நினைப்பாரு. நாளைக்கு நம்ம பொண்ணு அந்த வீட்டுல வாழ வேண்டாமா?"

கேட்காமலே தெரிந்துகொள்ள, டேப்பை எடுத்துக்கொண்டு மதில் ஓரமாக அளந்து பார்த்தார். மாடியில் பல் துலக்கிக்கொண்டிருந்த சம்பந்தி அதைக் கண்டு, நுரையோடு புன்னகைத்துவிட்டு உள்ளே போனார். சாயங்காலம் அவர் வீட்டுக்கு ஒரு இன்ஜினியர் வந்தார்.

கடைக்காரருக்குக் கை கால் ஓடவில்லை. மாடி கட்டும் ஆசை அவருக்குக் கனவிலும் கிடையாது. இருந்தாலும் தன் பங்குக்கு ஒரு இன்ஜினியரைக் கூப்பிட்டார். வந்தவர் மதிலைத் தட்டிப் பார்த்து, முந்திக்கொண்டவருக்குத்தான் காற்றும் வெளிச்சமும் என்று சொல்லி, வரைபடத்தை விரித்துவிட்டார்.

"நாமளே மதிலை ஒட்டிக் கட்டினா, என் ஜன்னலை மறைக்கப் போறது யாரு?" என்று கேட்டாள் மனைவி.

அவர் வரைபடத்தைச் சுருட்டினார். "நாமதான். ஆனா அவர் மறைக்கலியே."

இந்தப் பக்கம் செங்கல் வந்தது. அதைப் பார்த்ததும் அந்தப் பக்கம் இரும்புக் கம்பி வந்தது. கம்பியைப் பார்த்ததும் இவர் அஸ்திவாரம் தோண்டச் சொன்னார். தோண்டியதில் சமையலறைச் சுவர் விரிசல் விட்டு, இடித்தே ஆக வேண்டும் என்றாகிவிட்டது. அடுப்பு படுக்கையறைக்குக் குடிபோனது. சத்தம் கேட்ட சம்பந்தியும் சளைக்கவில்லை. நோயாளிகள் காத்திருக்கும் அறையைத் தரைமட்டமாக்கினார். பல்வலிக்காரர்கள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு தெருவில் வரிசையாக நின்றார்கள்.

மரியாதைக்கு மட்டும் குறைவில்லை.

"தூசி ரொம்ப வருதா சம்பந்தி?" என்று விசாரித்தார் டாக்டர், மதிலுக்கு மேல் தலையை நீட்டி.

"அதனால என்ன, நம்ம வீட்டுத் தூசிதானே," என்றார் இவர், தும்மிக்கொண்டே.

எதற்காக இதெல்லாம் ஆரம்பித்தது என்பது அவருக்கே குழம்பிப்போயிருந்தது. ஜன்னலைக் காப்பாற்றத்தான் என்று நினைவு. ஜன்னல் இருந்த சுவரைத்தான் காணவில்லை.

"இப்ப வெளிச்சத்துக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல," என்றாள் மனைவி, கட்டிலில் உட்கார்ந்து காய் நறுக்கியபடி.

அந்த நேரம் வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. அடுத்த வீட்டு மாடிக்குச் சாமான் வந்துவிட்டது என்று பயந்து இரண்டு சம்பந்திகளும் ஒரே சமயத்தில் வெளியே ஓடிவந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டார்கள். லாரி டிரைவர் கீழே இறங்கி, மணல் குவியலைப் பார்த்தார், இடிந்து கிடந்த இரண்டு வீடுகளையும் பார்த்தார், தலையைச் சொறிந்தார்.

"ஐயா, பின்னாடி தெருவுல கொட்ட வேண்டிய மணலை அன்னிக்குத் தெரு மாறி இங்க கொட்டிட்டேன், 'இது உங்களுதா'ன்னு ரெண்டு பேர்ல ஒருத்தர்கூடவா இன்னொருத்தரைக் கேக்கல?"