அசல்காரரும் நீலத் தார்ப்பாயும்

எல்லாம் அந்தக் காலத்து அசலாகவே இருக்க வேண்டும் என்கிற அசல்காரர் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். பழைய சுவரைக் கண்டால் தொப்பியைக் கழற்றுவார், கண்ணை மூடிக்கொண்டு காரையைத் தடவுவார், முகர்வார், பெருமூச்சு விடுவார். பக்கத்தில் நிற்கும் மனைவியின் பெயர்கூட அந்த நேரத்தில் அவருக்கு நினைவிருக்காது. எங்கள் திரான்சில்வேனிய மலையூர்களுக்குக் கோடையில் ஈக்களும் இவர்களும் சேர்ந்தே வருவார்கள். ஈயையாவது விரட்டலாம்.

எங்களுக்கு வாய்த்தவர் ஒக்டாவியன். நகரத்தில் பல் வைத்தியர். விடுமுறை நாட்களில் பழைய கட்டடங்களைக் காக்கும் தொண்டர் சங்கத்தின் தலைவர். தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற வியோரிகா, பாவம், தெரியாத்தனமாக இவரிடம் போய், தன் வீட்டு மரக்கூரை ஒரு மூலையில் ஒழுகுகிறது என்றாள். அவ்வளவுதான். மறுநாள் காலையிலேயே சங்கம் வந்து கூரை முழுவதையும் பிரித்துப் போட்டுவிட்டது. எதற்காக? மர ஓடுகளில் அடித்திருந்த ஆணிகள் ஆலையில் செய்தவையாம்!

மேலே ஒரு நீலத் தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிட்டு, "ரெண்டே நாள், அக்கா" என்றார் தலைவர். வியோரிகா மூட்டை முடிச்சோடு நாத்தனார் சவேத்தா வீட்டுக்குப் போனாள். நாத்தனார் வீட்டில் தங்குவது என்றால் எந்த நாட்டிலும் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

அசல் ஆணி வேண்டுமானால் கையால் அடிக்க வேண்டும். அதற்குக் கொல்லுலை வேண்டும். உலைக்குச் செங்கல் வேண்டும், செங்கல்லுக்குக் குதிரை மிதித்த மண் வேண்டும், குதிரையோ இந்த மலையின் பழைய சாதிக் குதிரையாக இருக்க வேண்டும். ஆக, கூரை வேலை குதிரை தேடுவதில் தொடங்கியது. இடையிடையே பயிற்சிப் பட்டறைகள். நகரத்துக் கணக்காளர்களும் இசை ஆசிரியைகளும் வந்து மர ஓடு பிளக்கக் கற்றார்கள். கோணலாய்ப் பிளந்ததை அடுப்பில் போட்டு இறைச்சி சுட்டுத் தின்றார்கள். அருமையான இறைச்சி, நானும் தின்றேன்.

குளிர்காலம் ஒன்று போனது, இன்னொன்றும் போனது. வியோரிகா காபியில் போடும் சர்க்கரையைச் சவேத்தா எண்ணத் தொடங்கினாள்.

"தலைவரே, கடையில ஆணி கிடைக்குதே. வாங்கி அடிச்சா என்ன?"

"அந்தக் காலத்துல அப்படியா அக்கா செஞ்சாங்க?"

"அந்தக் காலத்துல மழை வந்தா கூரை போட்டாங்க. அது சரி, உங்க வாயில இருக்கிற பல்லு மட்டும் அசலா?"

தலைவர் வாயை மூடிக்கொண்டார். வெட்கத்தால் என்று நினைத்துவிடாதீர்கள். மேல்வரிசை கொஞ்சம் ஆடியது.

கடைசியில் மர ஓடுகளும் ஆணிகளும் தயாராகி, வண்டியில் வந்து இறங்கின. வியோரிகா மூட்டையோடு வாசலில் நின்றாள். தலைவர் தார்ப்பாயை அவிழ்க்க ஏணியில் ஏறினார். ஏறிக் கூரைச் சட்டத்தில் கால் வைத்தவர் அங்கேயே நின்றார். கண்ணை மூடினார். தார்ப்பாயைத் தடவினார், முகர்ந்தார்.

"இதை எடுக்கக் கூடாது!"

"என்னது?"

"இதுவும் இந்த வீட்டோட வரலாறு அக்கா. இந்த நீலம் இப்போ கடையில வர்றதில்ல. இந்த முடிச்சு போடத் தெரிஞ்ச உறுப்பினர் சங்கத்தை விட்டே போயிட்டாரு. ஒவ்வொரு காலத்தோட தடயத்தையும் நாம மதிக்கணும்."

கீழே தொண்டர்கள் உருகிப்போனார்கள். இசை ஆசிரியை ஒருத்தி, "முடிச்சுக்கு ஒரு பட்டறை வைக்கலாமே!" என்றாள்.

வியோரிகா மூட்டையைக் கீழே வைத்தாள். நேரே போனாள், ஏணியை எடுத்தாள், வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்ற என் தோளில் வைத்தாள்.

"அக்கா! ஏணி!"

"அலுமினிய ஏணி தலைவரே. அந்தக் காலத்துல ஏது? அசல் மர ஏணி செய்யக் கத்துக்கிட்டு உங்க ஆளுங்க வந்து இறக்குவாங்க. இல்லேன்னா கூரையை முடிங்க, இதே ஏணி வரும்."

தொண்டர்கள் சத்தியமாக ஏணிப் பட்டறையைத் தொடங்கிவிட்டார்கள். ஓக் மரமா, பீச் மரமா என்று உட்கார்ந்து பேசினார்கள். தலைவர் மேலிருந்து அதைக் கேட்டார். மரம் வெட்ட வேண்டும், மரம் காய வேண்டும், அதுவரை தான் எங்கே இருக்க வேண்டும் என்பது அவருக்கு மெல்லப் புரிந்தது. தார்ப்பாயை ஒரே இழுப்பில் கிழித்தார். நாங்கள் கயிற்றில் கட்டி அனுப்பிய ஓடுகளை மளமளவென்று அடித்தார். பாதியில் அசல் ஆணி தீர்ந்துபோக, கடை ஆணி ஒரு பெட்டி மேலே போனது. அது எந்தக் காலத்து ஆணி என்று அவர் கேட்கவேயில்லை. இருட்டுவதற்குள் கூரை முடிந்தது. வியோரிகா தன் வீட்டுக் காபியில் சர்க்கரையை அள்ளிப் போட்டுக்கொண்டாள்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். பிறகு எழுந்துபோய், உங்கள் குளியலறைக் கதவைப் பாருங்கள். "செய்தால் முறையாகச் செய்ய வேண்டும்" என்று நீங்கள் தற்காலிகமாகக் கட்டிவைத்த கயிறு இன்னும் அங்கே இருக்கிறதல்லவா? அந்த முடிச்சின்மேல் லேசாக ஒரு பாசம்கூட வந்திருக்குமே?

அந்த ஏணி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. உங்கள் வீட்டுக்காரம்மா கேட்டால், கொடுத்துவிடுவேன்.