திகனயில் இறங்காத விமானம்

உலகத்தில் கைவிடப்பட்ட விமானத்தளங்கள் எத்தனையோ உண்டு. யுத்தம் முடிந்ததும் பட்டாளம் விட்டுப்போனவை, கொம்பனி முறிந்ததும் புல் முளைத்தவை என்று பல வகை. அவையெல்லாம் விமானங்கள் வந்து போன பிறகு கைவிடப்பட்டவை. ஒரு விமானம்கூட இறங்குவதற்கு முன்னரே கைவிடப்படும் அளவுக்கு முன்னேறிய தளம் எங்கள் திகனயில்தான் இருக்கிறது.

‘கண்டி வட்டார ஆகாய முன்னேற்றச் சங்கம்’ 1934ஆம் ஆண்டு எங்கள் வீட்டு முன் ஹோலில் உதயமானது. ஊரில் ஆட்கள் உட்காரப் பதினொரு கதிரைகள் ஒரே இடத்தில் இருந்த வீடு எங்களுடையது. ஐந்தாம் வகுப்போடு என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தியிருந்ததால், திரைக்குப் பின்னால் நின்று தேத்தண்ணீர் ஊற்றவும் தேசம் முன்னேறுவதைக் காது கொடுத்துக் கேட்கவும் எனக்கு நேரம் இருந்தது.

தலைவர், கண்டியில் இரண்டு கடைகள் வைத்திருந்த ஜவாஹிர் ஹாஜியார். செயலாளர், அரசாங்க உத்தியோகத்திலிருந்து இளைப்பாறிய யாழ்ப்பாணத்துச் சண்முகநாதன் ஐயா. என் வாப்பா ‘கௌரவ உறுப்பினர்’. கதிரைகள் அவருடையவை என்பதால் அந்தக் கௌரவம்.

தளத்துக்குச் சமதரை வேண்டும். திகனயில் சமதரையாக இருந்தது சகீனா மாமியின் ஒன்றரை ஏக்கர். மாமி என்றால் வாப்பாவின் ராத்தா, கூடப் பிறந்த மூத்தவர். புருஷன் மௌத்தாகிப் பத்து வருஷம். கத்தரியும் மிளகாயும் போட்டுக் கண்டிச் சந்தைக்கு அனுப்பிச் சீவித்துக்கொண்டிருந்தார். காணியின் ஓரத்தில் அவருடைய சிறிய ஓட்டு வீடு. தேசம் முன்னேறும் வழியில் மிளகாய் நிற்கலாமா? மாமி பெருவிரலை மையில் தோய்த்து அழுத்தினார். இரண்டு வருஷத்துக்குள் ஒரு விமானமும் இறங்காவிட்டால் காணி அவருக்கே திரும்பும் என்று கடதாசியில் எழுதியிருந்தது. சங்கம் அவ்வளவு நேர்மையானது.

இரண்டு வருஷமும் சங்கம் சும்மா இருக்கவில்லை. மிளகாய்ச் செடிகளைப் பிடுங்கியது. கம்பு நட்டுக் காற்றின் திசை காட்டும் பை கட்டியது. ‘விமானங்கள் தவிர வேறெவரும் உட்பிரவேசிக்கலாகாது’ என்று பலகை வைத்தது. பயணிகளின் பெட்டிகளை எடை போடுவது பற்றி ஆராய ஓர் உபகுழு ஏழு முறை கூடியது. தராசு வாங்குவதா, இரவல் எடுப்பதா என்பதில் பிளவுபட்டுக் கலைந்தது.

தவணைக்கு ஒரு மாதம் இருக்கும்போது மாமி தன் வீட்டு முற்றத்தில் மிளகாய் நாற்றுப் பாத்தி போட்டார். சங்கம் கலங்கிவிட்டது. நாற்று முளைக்கிற வேகத்துக்கு விமானம் முளைக்குமா? ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டத்து வெள்ளைத் துரை ஒருவரின் மைத்துனரிடம் சின்ன விமானம் இருப்பதாகக் கேள்விப்பட்டுச் சண்முகநாதன் ஐயா கடிதம் எழுதினார். தவணைக்கு மூன்று நாள் முன்னதாக, ஒரு வெள்ளிக்கிழமை மாலை இறங்குவதாகப் பதில் வந்தது.

உடனே வரவேற்புக் குழு கூடியது. பந்தல் போட, தோட்டத்தில் திருவிழாப் பந்தல் போடும் வீரய்யாவை அழைத்தார்கள். எங்கே போடுவது என்பதில்தான் ஹாஜியாரின் அறிவு வெளிப்பட்டது. எங்கள் கலியாணங்களில் மாப்பிள்ளையின் வண்டி பந்தல் வாசலுக்கே வந்து நிற்கும். மாப்பிள்ளையை வெயிலில் நடக்க விடுவது குடும்பத்துக்கே இழிவு. வானத்திலிருந்து வருகிறவர் மாப்பிள்ளைக்குக் குறைந்தவரா? ஆகவே பந்தல் தளத்தின் நட்டநடுவில்.

வீரய்யா தலையைச் சொறிந்தார். “ஏங்க ஐயா, நடுவுல பந்தலப் போட்டுட்டா அது எங்க வந்து நிக்கும்?”

“வீரய்யா, நீர் விமானம் கண்டிருக்கிறீரோ?” என்று சண்முகநாதன் ஐயா கேட்டார்.

“இல்லீங்க.”

“அப்ப பேசாமல் கம்பை நடும்.”

மற்றவர்களும் கண்டதில்லை. ஆனால் அவர்கள் உறுப்பினர்கள்.

நாற்பது அடிப் பந்தல் எழுந்தது. வாழை கட்டி, கடதாசிப் பூத் தொங்கவிட்டு, தரையில் வெள்ளைத் துணி விரித்தார்கள். அதைச் சுற்றிலும் திகன முழுக்க நின்றது. நாலு மணிக்கு விமானம் வந்தது. தாழப் பறந்து ஒரு வட்டம் அடித்தது. ஹாஜியார் வரவேற்புப் பத்திரத்தை வாசிக்கத் தொடங்கினார். அது இரண்டாவது வட்டம் அடிக்க, அவரும் முகத்தை அந்தந்தத் திசைக்குத் திருப்பித் திருப்பி வாசித்தார். மூன்றாவது வட்டத்தில் உள்ளே இருந்தவர், விலகுங்கள் என்பதுபோல் கையை வீசினார். சனம் ஆனந்தமாகத் திருப்பிக் கை வீசியது. விமானம் கலகெதரப் பக்கமாகப் போய் மறைந்தது. ஹாஜியார் நன்றியுரையையும் வாசித்து முடித்தார்.

அடுத்த நாள் எங்கள் ஹோலில் விசாரணை. விமானம் ஏன் இறங்கவில்லை? பந்தல் தற்காலிகமானது, தற்காலிகமான ஒன்று நிரந்தரத் தளத்துக்குத் தடையாக முடியாது என்று முதலில் தீர்மானித்தார்கள். மிச்சம் இருந்தது, ஓரத்தில் நின்ற வீடு. தடையை வைத்திருந்தவர் காணிக்காரரே என்பதால் தவணை மேலும் இரண்டு வருஷம் நீளும், வீடு அகற்றப்படும்.

திரைக்குப் பின்னால் என் பக்கத்தில் மாமி நின்றார். பெண் குரல் அந்தச் சபையில் அதுவரை கேட்டதில்லை.

“ஹாஜியார், என்ட ஊடு நாப்பது வருஷமா அதே எடத்துலதான் ஈக்கிது. பந்தலத்தான் நீங்க முந்தாநாள் போட்டீங்க.”

சண்முகநாதன் ஐயா தொண்டையைச் செருமினார். “ஓம் அம்மா. நீங்கள் சொன்னதைக் குறிப்பிலை சேர்க்கிறன்.”

சொன்னபடியே சேர்த்தார். ‘வீடு நாற்பது வருடப் பழமையானதென உரிமையாளரே ஒப்புக்கொண்டார். எனவே இடிக்கத் தகுந்தது.’

கை தூக்கச் சொன்னார்கள். பதினொரு கைகள் எழுந்தன. அதில் ஒன்று வாப்பாவுடையது. அவர் பிறந்தது அந்த வீட்டில்தான். ஆனால் சபை ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறதல்லவா?

வீட்டை இறக்க ஒன்றரை நாள் எடுத்தது. நாற்றுப் பாத்தி ஓட்டுக்கு அடியில் போயிற்று. மாமி எங்கள் வீட்டில் சமைக்கிற குசினிக்கு அடுத்த அறைக்கு வந்து சேர்ந்தார். வாப்பாவோடு அவர் இன்றுவரை பேசவில்லை. சோறு மட்டும் போடுகிறார்.

அதன் பிறகு எந்த விமானமும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. இரண்டாவது தவணை முடிய ஏழு நாள் இருக்கும்போது சங்கம் கடைசியாகக் கூடி, ‘பொதுமக்களின் ஆர்வமின்மையால்’ தளத்தைக் கைவிட்டது. கைவிட்ட தளத்துக்குத் தவணை ஏது? வெறுமையாகக் கிடந்தால் காடு பற்றிவிடும் என்று தலைவரே அதைப் பராமரிக்க இசைந்தார். தியாகத்தைப் பாராட்டித் தீர்மானமும் நிறைவேறியது.

இன்று அங்கே ஹாஜியாரின் புகையிலை ஆளுயரத்துக்கு நிற்கிறது. அது விமானத்துக்குத் தடையா என்று விசாரிக்க எந்தக் குழுவும் இதுவரை கூடவில்லை.