கலங்கரை விளக்கமும் மரக் கிளிப்பும்

பின்வாசலில் பூட்ஸைக் கழற்றும்போதே அந்தச் சத்தம் கேட்டது. சரக். சற்றுப் பொறுத்து இன்னொரு சரக். கதவைத் திறக்காமலே தெரிந்துகொண்டேன்: என் மனைவி ரேலீன் படிக்கிறாள்.

பால்பவுடர் ஆலையில் ராத்திரி முழுக்க மூட்டை தைப்பவன் நான். அவள் பகலில் பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் வேலை பார்க்கிறாள். இருவரும் விழித்திருந்து முகம் பார்ப்பது காலை ஏழிலிருந்து எட்டரை வரை. டாஸ்மேனியாவின் இந்த மழைக்கார மூலையில் எனக்கென்று இருந்தது அந்த ஒன்றரை மணி நேரம்தான்.

"ரேலீன், நேத்து ஆலையில என்ன நடந்துச்சு தெரியுமா?"

"இரு முர்ரே. கப்பல் உடையப் போகுது."

"நானே உடைஞ்சுதான் வந்திருக்கேன்."

"நீ தினமும் உடையிற. கப்பல் ஒரே தடவைதான் உடையும்."

தேநீரை நானே ஊற்றிக்கொண்டேன். அவள் எழுந்து போன நேரத்தில் புத்தகத்தின் அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். முதல் பக்கத்தில் பேனாவால் கொட்டை எழுத்தில் 'டெஸ்மண்ட்' என்று எழுதியிருந்தது.

டெஸ்மண்ட் ஓய்வுபெற்ற நில அளவையாளர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். காலர் எப்போதும் வெள்ளை. எங்கள் ஊர் நூலகத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை கூடுவார்கள். ஆளுக்கொரு தட்டுப் பலகாரம் கொண்டுபோய், இப்போது என்ன படிக்கிறோம் என்று எழுந்து சொல்ல வேண்டும். ரேலீன் அங்கே தவறாமல் போவாள். அவரும் போவார்.

இருபத்தாறு வருஷமாக அவள் எனக்கும் புத்தகம் சொல்லிப் பார்த்தாள். பதினைந்து வயதில் பள்ளியை விட்டவனுக்கு அறுநூறு பக்கம் எதற்கு என்று ஒன்றையும் தொட்டதில்லை. இப்போது கேட்பதை நிறுத்திவிட்டாள். நிறுத்தியதுதான் வலித்தது.

அவள் வேலைக்குப் போனதும் துணி காயப்போட்டேன். கடைசிக் காலுறைக்குக் கிளிப் இல்லை. தேடினால் புத்தகத்துக்குள் இருந்தது. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துக்கு அடையாளமாம்.

அங்கேதான் யோசனை பிறந்தது. கிளிப்பைப் பத்துப் பக்கம் பின்னோக்கி நகர்த்தி நூற்றிரண்டில் வைத்தேன். தினமும் இப்படியே செய்தால் கதை நகராது. சலித்துப்போய் டெஸ்மண்டிடமே திருப்பிக் கொடுத்துவிடுவாள். காலை ஏழு மணி எனக்குத் திரும்பக் கிடைத்துவிடும்.

ஒரே ஒரு சிக்கல். கதையில் அவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது விட்டிருந்தால், பின்னோக்கி நகர்த்தும் இடத்திலும் சாப்பாட்டுக் கட்டமாகப் பார்த்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கண்டுபிடித்துவிடுவாள். அதற்கு நான் படிக்க வேண்டியிருந்தது. கலங்கரை விளக்கம் ஒன்றில் வாழ்ந்த நான்கு தலைமுறையின் கதை. துணிக்கூடை பக்கத்திலேயே காத்துக் கிடந்தது.

ஆனால் கிளிப் நிற்கவில்லை. நான் பத்து இழுத்தால் மறுநாள் முப்பது தாண்டியிருந்தது. கிட்டத்தட்ட நான்கு வாரம் துரத்திக்கொண்டே போனேன்.

நூலகக் கூட்டத்துச் சனிக்கிழமை வந்தது. தேங்காய்த் துருவல் தூவிய லாமிங்டன் கேக் தட்டைத் தூக்கிக்கொண்டு அவளோடு நூலகத்துக்குப் போனேன். ரேலீனின் முறை. எழுந்தாள்.

"எங்க வீட்டுல இந்த மாசம் படிச்சது நான் இல்ல. முர்ரே. எந்திரி."

"நான் தட்டு தூக்கத்தான் வந்தேன்."

"விளக்குக்காரனோட ரெண்டாவது மக ஏன் திரும்பி வரல? அதை மட்டும் சொல்லிட்டு உக்காரு."

சொன்னேன். இருபது நிமிஷம் ஆயிற்று. யாரும் சிரிக்கவில்லை.

உட்கார்ந்ததும் ரேலீன் என் காதருகே குனிந்தாள். "நான் முடிச்சு மூணு வாரமாச்சு. தினம் கிளிப்பை மட்டும் முன்னால தள்ளி வச்சேன். ஈரக் கையோட புரட்டாத, முர்ரே. பக்கமெல்லாம் உப்பிப் போச்சு."

"அப்போ டெஸ்மண்ட்?"

அவள் பதில் சொல்வதற்குள் டெஸ்மண்டே வந்துவிட்டார். வெள்ளைக் காலர்.

"பிரமாதமாப் பேசினீங்க. அந்தப் புத்தகத்தை எனக்கு ஒரு வாரம் தருவீங்களா? இப்படி ஒண்ணு இருக்கிறதே எனக்குத் தெரியாது."

ரேலீன் நீட்டிய புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திறந்தேன். அந்தக் கொட்டை எழுத்தை அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். எங்கள் குளிர்பெட்டிக் கதவில் 'முட்டை, ரொட்டி, சோப்பு' என்று ரேலீன் வாரா வாரம் எழுதுகிற அதே கையெழுத்து.

திங்கட்கிழமை துணி காயப்போட்டேன். மேஜையில் புதிதாக ஒரு தடிப் புத்தகம். இம்முறை இரண்டு கிளிப் குறைந்தது; இரண்டும் அதற்குள்ளே, ஒன்று அவள் படித்த இடத்தில், மற்றது எனக்காக முதல் பக்கத்தில். காலுறைகளை வேலியில் போட்டுவிட்டு, ஈரக் கையோடு புரட்டக் கூடாதே, முதலில் கூடை காலியாகட்டும் என்று அதில் கிடந்த தலையணை உறையை எடுத்து உதறினேன்.