வேகமே அறியாத க்ளெனிஸ்

ஆறு பக்கம் வந்திருந்தது.

தன் வாழ்க்கையை யாராவது எழுத உட்கார்ந்தால் அரைப் பக்கமாவது தேறுமா என்று சந்தேகப்பட்டவள் க்ளெனிஸ். ஐம்பத்தாறு வயதில், ஆஸ்திரேலியாவின் டப்போ நகரில் பள்ளிப் பேருந்து ஓட்டும் வேலைக்கு மனுப் போட்டிருந்தாள். தனக்கென்று அவள் ஆசைப்பட்ட முதல் காரியம் அதுதான். ஓட்டுநர் பதிவேட்டின் நகல் வேண்டும் என்றார்கள், வாங்கிவந்து பிரித்தாள்.

பதினொரு முறை அதிவேகம். இரண்டு முறை சிவப்பு விளக்கைத் தாண்டியது.

ஒன்றுகூட அவள் செய்ததில்லை. சாலைக் கேமராவில் சிக்கும்போதெல்லாம், தண்டனைப் புள்ளிகள் சேர்ந்து உரிமம் பறிபோகாமல் இருக்கக் கணவன் ராஸ் அவளிடம்தான் வருவான். "நீதான் ஓட்டினேன்னு எழுதிக் குடு க்ளெனி. உன் பாயிண்ட் எல்லாம் சும்மாதானே கெடக்கு?" மகன் டேரனும் பழகிக்கொண்டான். அவள் கையெழுத்துப் போட்டுவிட்டு உருளைக்கிழங்கு உரிக்கப் போய்விடுவாள்.

"மூணு வருஷத்துல அழிஞ்சிடும்னு சொன்னீங்களேடா!"

"பாயிண்ட்தாம்மா அழியும். பதிவு அப்படியே இருக்கும் போல," என்றான் டேரன், டோஸ்ட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "இன்சூரன்ஸ்காரங்க எத்தன வருஷம் பாக்கறாங்கன்னு கேளேன். பஸ்காரங்களும் அவ்வளவுதான் பாப்பாங்க."

கேட்டாள்.

"அஞ்சு வருஷம்," என்றது தொலைபேசியில் ஒரு பெண்குரல். "ஏன் கேக்கறீங்க? ஏதாவது இருக்கா?"

க்ளெனிஸுக்குச் சட்டென்று பொய் வரவில்லை. அந்த மௌனத்தை அவர்கள் தோண்டிப் பார்த்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமையே பிரீமியத்தை உயர்த்திக் கடிதம் வந்தது.

"விடு, ஆஸ்பத்திரிக்கு அவசரமாப் போனேன்னு சொல்லிடு," என்றான் ராஸ். "எவன் கேக்கப் போறான்?"

டிப்போ மேலாளர் நெவில் கேட்டார்.

"பதிமூணு தடவையும் ஆஸ்பத்திரிக்கா?"

"எங்க குடும்பத்துல கொஞ்சம் நோய் ஜாஸ்தி."

"மார்ச் பதினாலு, காலைல எட்டு பத்துக்கு பாதர்ஸ்ட்ல. எட்டு இருபதுக்கு டாம்வொர்த்ல." நெவில் கண்ணாடியைக் கழற்றினார். "நானூறு கிலோமீட்டராவது இருக்கும். பஸ் ஓட்ட வந்திருக்கீங்களா, ராக்கெட் ஓட்டவா?"

அந்தக் காலையில் எங்கே இருந்தோம் என்று க்ளெனிஸ் யோசித்தாள். இரண்டு ஊரிலும் இல்லை. வீட்டுக்குப் பின்னால் கொடியில் அவர்கள் சட்டைகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்திருப்பாள். அதைப் படம் பிடிக்க எந்தக் கேமராவும் இல்லை.

"ஓட்டினது நானில்ல," என்றாள். இத்தனை வருடத்தில் அதைச் சொல்வது அதுவே முதல்முறை. "வீட்டுக்காரரும் பையனும். நான் கையெழுத்து மட்டும்தான் போட்டேன்."

"ஐயோ, இது அதைவிட மோசமாச்சே! வேகமா ஓட்டினவங்களக்கூட நான் மன்னிப்பேன். பொய்ச் சத்தியம் பண்ணினவங்கள நம்பி நாப்பது பிள்ளைங்கள எப்படி ஏத்தறது?" நெவில் உண்மையாகவே வருந்தினார். காகிதங்களை அடுக்கி அவள் பக்கம் தள்ளினார். "நான் முப்பத்தோரு வருஷமா ஓட்டறேன். ஒரு கேமராவுலகூட மாட்டினதில்ல. மனசு வச்சா முடியும், க்ளெனிஸ்."

வேகமாகவும் போகவில்லை, மெதுவாகவும் போகவில்லை, எங்கேயுமே போகவில்லை என்று அவரிடம் சொல்லத் தோன்றியது. சொல்லி என்ன? எழுந்து வெளியே வந்தாள். வரவேற்பறையைத் தாண்டவில்லை. அங்கிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து விசும்பினாள்.

மேசைக்குப் பின்னாலிருந்த ஷெரில், உள்ளறைக் கதவு மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு டிஷ்யூ பெட்டியை நீட்டினாள்.

"தொடச்சுக்க கண்ணு. போன வருஷம் இதே வேலைக்கு, பதினேழு கேமரா கேஸோட வந்து, இதே நாற்காலில உக்காந்து அழுதது நெவிலோட பொண்டாட்டிதான்."