என் கழுத்தும் செவலையும்

மூங்கில்துறைப்பட்டு,
தை மாதம்.

மரியாதைக்குரிய மச்சான் கலையரசன் அவர்களுக்கு, மாப்பிள்ளை பழனி கழுத்தை அசைக்காமல் செய்துகொள்ளும் வணக்கம். இவ்விடம் உங்கள் தங்கை கொளஞ்சி சுகம், மாடு செவலை சுகம். நான் கழுத்துக்குக் கீழே சுகம். அவ்விடம் உங்கள் மாட்டுத் தரகும் அக்காவின் மூட்டுவலியும் எப்படி என்று எழுதவும். கழுத்தில் பட்டை போட்டிருப்பதால் குனிய முடியாது, பேப்பரைச் சுவரில் வைத்து எழுதுகிறேன். வரி மேலே ஏறியிருந்தால் கோபத்தில் எழுதியதாக நினைக்க வேண்டாம். கோபமெல்லாம் உங்கள் தங்கைக்குத்தான். எதிரில் நின்று ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டிருக்கிறாள்.

விஷயம் இதுதான். செவலையைத் தருகிறேன் என்று உங்களுக்கு வாக்குக் கொடுத்தது நான்தான். ஆலைக்குக் கரும்பெல்லாம் டிராக்டரில் போகிறது, கிழட்டு மாடு சும்மா நின்று தின்கிறது, லாரியில் ஏற்றிவிடலாம் என்றீர்கள். அந்த லாரியில் போன மாடு திரும்பி வராது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சரி என்றேன். அந்த நேரம் பார்த்து என் கை மரத்துப்போனது. ஒருநாள் வண்டியில் வரும்போது கயிறு கையை விட்டு நழுவி, பிடிக்கவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் நான் உட்கார்ந்திருக்க, செவலை தானாகவே வீட்டுவாசலில் கொண்டுவந்து நிறுத்தியது. கள்ளக்குறிச்சியில் படமெடுத்துப் பார்த்த டாக்டர், கழுத்தெலும்பு தேய்ந்து நரம்பை அழுத்துகிறது, நடுவில் வேறு எலும்பை வைத்து இரண்டையும் ஒட்டவைக்க வேண்டும் என்றார். யாருடைய எலும்பு என்று நான் கேட்கவில்லை. கொளஞ்சி கேட்டாள்.

நர்ஸ் அபிநயா பொறுமைசாலி. "மாட்டெலும்பைச் சுத்தம் பண்ணி வைப்பாங்கம்மா. வேற எலும்பும் உண்டு, டாக்டர் பார்த்து முடிவு பண்ணுவாரு" என்றாள். முதல் பாதியோடு உங்கள் தங்கைக்குப் போதுமாகிவிட்டது.

"இன்னா மாடு அது? வண்டி மாடா, ஏர் மாடா?"

"அதெல்லாம் டப்பாவுல எழுத மாட்டாங்கம்மா."

ஆபரேஷன் நன்றாக முடிந்து, கையில் உணர்ச்சியும் வந்து, வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்குச் சனி பிடித்தது. செவலையை நான் ஒரு அதட்டு அதட்டினால், "உன் கழுத்துல கீறது இன்னான்னு நெனச்சுக்கினு பேசு" என்கிறாள். மாட்டுப்பொங்கல் அன்று செவலையைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் அடித்து, மாலை போட்டவள், அதே கையோடு என் கழுத்துப் பட்டைக்கும் குங்குமம் வைத்து ஒரு மாலை போட்டாள். இருவருக்கும் சேர்த்து ஆரத்தி. முதல் உருண்டைப் பொங்கல் செவலைக்கு, இரண்டாவது எனக்கு. தெரு முழுக்க வந்து பார்த்தது. பக்கத்து வீட்டு இருசம்மாள் மட்டும், என் கொம்புக்கு ஏன் வர்ணம் அடிக்கவில்லை என்று கேட்டுவிட்டுப் போனாள்.

மறுநாள்தான் உங்கள் லாரி வந்தது. கொளஞ்சி குறுக்கே நின்றுகொண்டாள். "என் வூட்டுக்காரு கழுத்தத் தாங்கிக்கினு கீறது இதோட சொந்தம்தான். சொந்தத்த ஏத்தி அனுப்பிட்டு நான் எப்பிடி சோறு துன்றது?" உங்கள் டிரைவர் சரத்குமார், "அப்ப அண்ணனையும் சேத்து ஏத்திக்கவா?" என்றான். நல்லவேளை, அவள் கையில் அப்போது துடைப்பம்தான் இருந்தது.

நான் என்ன செய்வேன் மச்சான்? எனக்கு ஆட்சேபணையே இல்லை. உங்கள் தங்கை விடமாட்டேன் என்கிறாள். மாட்டை மறந்துவிடுங்கள், மாப்பிள்ளையை மறந்துவிட வேண்டாம். அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. சரத்குமாருக்கு இந்த முறை ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை,
பழனி.

பின்குறிப்பு: கொளஞ்சி தவிடு கலக்கப் போயிருக்கிறாள், சீக்கிரம் எழுதிவிடுகிறேன். பொங்கலுக்கு முன்பு காட்டப் போனபோது, அவள் மருந்து வாங்க வரிசையில் நின்ற நேரம், டாக்டரிடம் கேட்டேன். எனக்கு வைத்தது பன்றி எலும்பாம். மாலை கழுத்தில் விழும்போதே எனக்குத் தெரியும், வாயைத் திறக்கவில்லை. தயவுசெய்து நீங்களும் திறக்க வேண்டாம். கொடுத்த வாக்கை மாற்ற வெட்கமாக இருந்தது மச்சான், அதனால்தான் கழுத்தைச் சாக்காகக் காட்டினேன். என்னை வீடு சேர்த்த மாட்டை லாரியில் ஏற்ற எனக்கு மனசு வரவில்லை.